கோரைப்புல் பரப்பிய தெரு

மூன்று கிழமையாக நேசமலர் ஒரே ஒரு சேதியை வாயில் வைத்துக்கொண்டு தொலைபேசிக்குப் பக்கத்திலேயே கிடந்தாள். "கப்பலில ஏறாத. இருக்கிற இடத்திலயே இரு. லண்டனில இருந்து மேர்சி வந்து உன்னைக் கூட்டிக்கொண்டு போவா." அவ்வளவுதான். சமைக்கும்போதும் சொல்லிப் பார்த்தாள், குளிக்கும்போதும் சொல்லிப் பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் பேச்சுப் போட்டிக்குக்கூட அவள் இப்படி மனப்பாடம் பண்ணியதில்லை.

மேர்சி அவளோடு படித்த சிநேகிதி. சேதி தம்பி ஞானேஸ்வரனுக்கு. இருபத்திரண்டு வயது. கொக்குவிலில் இருந்தால் ஆமி பிடிக்கும் என்று அம்மா நகையை விற்று ஏஜென்சிக்காரன் ஒருவனிடம் ஒப்படைத்திருந்தாள். கனடாவுக்கு என்று சொல்லித்தான் கூட்டிப்போனான். ஆனால் ஆட்களை ஸ்பெயினின் தெற்கில் எங்கேயோ ஒளித்து வைத்து, பிறகு ஒரு மீன்பிடிப் படகில் அடைத்து அனுப்புவதுதான் அவன் தொழில். அதைக் கப்பல் என்று சொல்ல அவனுக்குக் கூச்சமும் இல்லை. மார்ச் மாதம் டாலஸிலிருக்கும் வரதராஜாவின் மருமகனை அப்படித்தான் ஏற்றினான். படகு நடுக்கடலில் மூழ்கிப்போனது. கரை ஒதுங்கிய ஐந்து உடல்களில் ஒன்றை வரதராஜா போட்டோவில் பார்த்து அடையாளம் சொன்னார். தம்பியும் அதே ஆளோடுதான் போயிருக்கிறான் என்று தெரிந்த நாளிலிருந்து நேசமலருக்குச் சோறு இறங்கவில்லை.

எண்பத்தைந்தாம் ஆண்டு ஜூன், ஒரு வியாழக்கிழமை காலை. அமெரிக்காவில், டாலஸை ஒட்டிய ரிச்சர்ட்சனில் அந்த நேரத்திலேயே வெயில் கொளுத்தியது. போன் அடித்தது.

"அக்கா, நான் ஞானம்."

"ஐயோ, என்ர ராசா. எப்பிடியடா இருக்கிறாய்?"

"சுகம் அக்கா. அத்தான் சுகமோ? பிள்ளை சுகமோ?"

"எல்லாரும் சுகம். அம்மா கடிதம் போட்டவ, அவவும் சுகம். உனக்குக் காய்ச்சல் ஒண்டும் இல்லையே?"

"இல்லை. இஞ்ச இண்டைக்கு ஒரு திருவிழா அக்கா. தெரு முழுக்கக் கோரைப்புல் வெட்டிப் பரப்பியிருக்கினம். சுவர் தெரியாமல் பச்சைக் கொப்பு. நாலு பேர் பந்தல் பிடிக்க, சாமியார் ஒருத்தர் பொன்னில சூரியன் மாதிரி ஒண்டைத் தூக்கிக்கொண்டு போறார். சனம் எல்லாம் தெருவில நிக்க, நான் நைசா வெளிய வந்திட்டன். ஒரு தேத்தண்ணிக் கடையில நிண்டு கதைக்கிறன், கடைக்கார மனுசிதான் காசு போட்டவ. சுவரில மாட்டுக் கொம்பு வைச்ச ஒரு குழல் தொங்குது, நம்மட நாயனம் மாதிரி ஊதுறதாம். ஞாயிற்றுக்கிழமை கப்பல் எண்டு சொல்லுறாங்கள். ஊரின்ர பேர் தெரியாது, பொறுங்கோ, இவவிட்டக் கேட்டுச் சொல்..."

"அது கிடக்கட்டும். நீ சாப்பிட்டியோடா?"

லைன் அறுந்துபோனது.

நேசமலர் ரிசீவரைக் காதில் வைத்தபடியே நின்றாள். உலகத்தில் வேறு எந்தச் சாதிச் சனமாவது உயிர் போகிற நேரத்தில் சாப்பிட்டாயா என்று கேட்குமா? நாம் கேட்போம். சுகம் கேட்டு, சுகம் சொல்லி, அத்தான் சுகம், பிள்ளை சுகம், அம்மா சுகம் என்று ஊர் முழுக்கச் சுகம் விசாரித்து முடிக்கும் வரைக்கும் காசு விழுந்துகொண்டே இருக்குமா என்ன? ஊர்ப் பேரைக் கேட்கவிடாமல் தடுத்தவள் அவளேதான். சொல்ல வேண்டியதையும் சொல்லவில்லை. சுவரில் தலையை மோதிக்கொண்டு அழுதாள்.

புருஷன் அரியரட்ணம் ரிச்சர்ட்சனில் இருக்கிற டெலிபோன் கம்பெனிகளில் ஒன்றில் என்ஜினியர். எக்ஸ்சேஞ்ச் வடிவமைக்கிறவர். சேதி கேட்டு மத்தியானமே வீட்டுக்கு ஓடிவந்தார்.

"எங்க இருந்து கோல் வந்தது எண்டு உங்களால கண்டுபிடிக்க ஏலாதோ?" என்றாள்.

"மட்ரிட் வரைக்கும் trace பண்ணலாம் நேசம். அதுக்கு அங்கால அவங்கட நாட்டு லைன். நான் கேட்டாலும், ஏன் கேக்கிறாய் எண்டு கேப்பினம்."

"பத்து வருசமா டெலிபோனைக் கட்டி அழுறியள். என்ர தம்பி எங்க நிண்டு கதைச்சவன் எண்டு சொல்லத் தெரியேல்லை."

 

வெள்ளிக்கிழமை அவள் நூலகத்துக்குப் போய்த் தெற்கு ஸ்பெயின் சுற்றுலாப் புத்தகங்கள் நாலையும் மேசையில் அடுக்கினாள். அண்டலூசியா என்று அந்த மாகாணத்துக்குப் பெயராம். வெள்ளைக் கிராமங்கள், ஒலிவ் தோப்புகள், பாறைக்கு நடுவில் பாலம், கழுகு பார்க்கலாம், குதிரை ஏறலாம், குகைக்குள் இறங்கலாம். எந்தப் பக்கத்தைத் திருப்பினாலும் வெள்ளை வீடும் திருவிழாவும்தான். மனிதர்கள் இவ்வளவு சந்தோஷமாக ஊர் சுற்றுகிறார்களா என்று அவளுக்கு எரிச்சல் வந்தது. ஒருத்தரை ஒளித்துவைக்க ஏற்ற ஊர் எது என்று எந்தப் புத்தகமும் எழுதவில்லை.

ஸ்பெயின் சுற்றுலா அலுவலகம் ஒன்றுக்குப் போன் பண்ணினாள். உண்மையைச் சொன்னால் தம்பியைப் பொலிஸ் பிடித்துத் திருப்பி அனுப்பும். ஆகவே விடுமுறைக்குப் போகிறவள்போல நடித்தாள். தெருவில் புல் பரப்பும் திருவிழா பார்க்க வேண்டும், எந்த ஊர் என்று கேட்டாள். அந்தப் பெண் சிரித்துச் சிரித்து, அடுத்த வருடம் செவில்லாவின் வசந்தச் சந்தையைத் தவறவிடாதீர்கள், கடற்கரையில் நல்ல ஹோட்டல் இருக்கிறது, படகுச் சவாரிகூட உண்டு என்றாள். படகு என்றதும் நேசமலர் போனை வைத்துவிட்டாள்.

சனிக்கிழமை காலை பக்கத்து வீட்டு லூப்பே, மெக்சிகோக்காரி, வேலியோரம் இவள் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தாள். நேசமலரால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டினாள். பொன்னில் சூரியன்போல என்று கையால் வட்டம் போட்டுக் காட்டியதும் லூப்பே நெஞ்சில் சிலுவை போட்டாள்.

"Corpus Christi, நற்கருணைத் திருவிழா," என்றாள். "வியாழக்கிழமைதானே? மெக்சிகோவில எங்கட ஊரிலும் அதே நாள்தான்."

நேசமலர் சைவக்காரி. கொக்குவிலில் மாதா கோயிலைத் தாண்டிப் போயிருக்கிறாளே தவிர உள்ளே போனதில்லை. இரண்டு நாளாக வேர்த்து விறுவிறுத்துத் தேடியதற்கு லூப்பேயிடம் ஒரு நிமிஷத்தில் விடை இருந்தது. இருவரும் புத்தகத்தைப் பிரித்து அந்தத் திருவிழாவின் பெயரை மட்டும் தேடினார்கள். தெருவைப் பச்சையாக்கும் ஊர்கள் என்று பக்கத்துப் பக்கத்தில் இரண்டைப் போட்டிருந்தது. ஒன்றில் குன்றின் உச்சியில் கோட்டை. தம்பி கோட்டையைப் பற்றி மூச்சே விடவில்லை. மற்றது எல் காஸ்டோர். மாட்டுக் கொம்பு பூட்டிய குழல் அந்த ஊருக்கே உரியது என்று இரண்டு வரி இருந்தது.

நேசமலர் அந்த இரண்டு வரியில் விரலை ஊன்றினாள். "இதுதான் லூப்பே. இதுதான்."

அங்கே அப்போது மாலை ஆறு மணி. ஞாயிறு விடிய இன்னும் ஓர் இரவு முழுக்க இருந்தது. லூப்பே ஒப்பரேட்டரைப் பிடித்து, எல் காஸ்டோரில் போன் இருக்கிற கடைகளை ஒவ்வொன்றாகக் கேட்டாள். மூன்றாவது கடையில் ஒரு பெண் எடுத்தாள். லூப்பே ஸ்பானிஷில் படபடவென்று பேசினாள். பிறகு முகம் மலர்ந்து ரிசீவரைப் பொத்தினாள். "கொம்பு சுவரில் தொங்குகிறதாம். அந்தப் பையனை ஞாபகம் இருக்கிறதாம். அவர்கள் இருந்த வீட்டிலிருந்து ஒருவரைக் கூப்பிடப் போயிருக்கிறாள்."

நேசமலர் ரிசீவரை வாங்கினாள். இந்தத் தடவை சுகம் கேட்கக் கூடாது. எடுத்த எடுப்பில் சொல்லிவிட வேண்டும். நெடுநேரம் கழித்துக் காலை இழுத்து இழுத்து நடக்கிற சத்தம் கேட்டது.

"ஞானம், கப்பலில..."

"நான் ஞானம் இல்லைப் பிள்ளை. பசுபதி." வயதான குரல். "கால் வீங்கிப்போச்சு, அதால என்னை விட்டிட்டுப் போயிட்டாங்கள். நாளைக்கு வந்து அடுத்த படகுக்குக் கூட்டிக்கொண்டு போறம் எண்டவங்கள்."

"ஞானம் எங்க?"

"ஆள் ஒருத்தன் வெளியால போய் போன் எடுத்தது அவங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு. பயந்திட்டாங்கள். நேற்றுப் பின்னேரமே எல்லாரையும் வான் வண்டியில ஏத்தினவங்கள். படகு நேற்றே வெளிக்கிட்டிருக்கும்."

"நேற்றேயோ?" என்றாள் நேசமலர்.

"நீங்கள் அமெரிக்கா அக்காதானே?" என்றது குரல். "போற நேரம் உங்கட நம்பரை எழுதித் தந்தவன். என்னட்டக் காசில்லை, எடுக்கேல்லை. அக்கா சாப்பிட்டியோ எண்டு கேட்டவ, சொல்ல முந்தி லைன் அறுந்துபோச்சு, அவ அதையே நினைச்சுக்கொண்டிருப்பா. சாப்பிட்டவன் எண்டு சொல்லிவிடுங்கோ அண்ணை எண்டவன். அதைத்தான் சொல்ல வேணும்."

லூப்பே அவள் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நேசமலருக்கு அழுகைகூட வரவில்லை. வாயில் அந்தச் சேதி அப்படியே இருந்தது, மூன்று கிழமைப் பழசு, ஒரு சொல் குறையாமல்.

"அண்ணை," என்றாள், "நீங்கள் கப்பலில ஏறாதேங்கோ. இருக்கிற இடத்திலயே இருங்கோ. லண்டனில இருந்து மேர்சி வந்து உங்களைக் கூட்டிக்கொண்டு போவா."