மூன்று முறை இறைத்த கிணறு

கட்டைபறிச்சானில் நான் முதலில் கெடுத்தது அன்னலட்சுமி அக்காவின் கிணற்றை.

2005 ஆவணி. கடல் பொங்கி எட்டு மாதம் ஆகியிருந்தது. எனக்கு இருபத்தொரு வயது. மலேசியாவிலிருந்து அந்தக் கடலோர ஊருக்குத் தொண்டு வேலைக்கு வந்த எங்கள் ஐந்து பேருக்கும் உப்பேறிய கிணறுகளைத் துப்புரவாக்குவதுதான் பொறுப்பு. விதி எளிது: ஒவ்வொரு கிணற்றையும் மூன்று முறை அடி தெரிய இறைக்க வேண்டும், பிறகு கிணற்றுச் சுவரில் பச்சை மையால் ஒரு கோடு.

மோட்டார் ஓட்டியவர் பக்கத்து மூதூரைச் சேர்ந்த பாயிஸ் நானா. மூன்றாம் முறை அடிமணல் தெரிந்ததும் எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"போதும் புள்ள. இன்னும் இறைச்சா உங்கட மலேசியா தெரியும்."

மறுநாள் காலை அளவுக் கருவியை இறக்கினேன். உப்புத் தண்ணீரில் மின்சாரம் சுலபமாகப் பாயும். எவ்வளவு பாய்கிறது என்று பார்த்தால் எவ்வளவு உப்பு என்று தெரிந்துவிடும். இறைக்கும் முன் ஆயிரத்து எண்ணூறு காட்டியது. இப்போது ஆறாயிரம். கருவி பிழை என்று நினைத்துக் கழுவி மறுபடி இறக்கினேன். ஆறாயிரத்து நூறு.

கிணறுகளைப் பற்றிக் கொண்டுவந்திருந்த புத்தகத்தை அன்றுதான் ஒழுங்காகப் படித்தேன். கரையோர மணலுக்கு அடியில் கடல்நீர் ஊறி நிற்கிறது. மழைநீர் எடை குறைந்தது. அதன்மேல் எண்ணெய் போல மிதக்கிறது. கிணறு தொடுவது அந்த மிதக்கும் நீரைத்தான். அதன் பாரம்தான் உப்பைக் கீழே அழுத்தி வைத்திருக்கிறது. மேலே ஓர் அடி குறைந்தால், கீழே உப்பு நாற்பது அடி ஏறப் பார்க்கும். எவ்வளவு அழகான கணக்கு! அழகைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அந்தப் பாரத்தை மூன்று முறை இறைத்து எடுத்தது நாங்கள்தான் என்று புரிந்தது. கடல் விட்டுப்போன உப்பில் பெரும்பகுதியை மழை ஏற்கெனவே கழுவியிருந்தது. மிச்சத்தை அடுத்த மாரிமழை கழுவியிருக்கும். நாங்கள் சும்மா இருந்திருந்தால் போதும்.

அந்த வாரம் வீதிகளில் மறுபடி துப்பாக்கிச் சுடுபாடு தொடங்கியிருந்தது. குழுவைத் திரும்ப அழைத்துவிட்டார்கள்.

"வெள்ளிக்கெழம கெளம்புறோம். இப்ப போயி ஏன் சொல்ற?" என்றார் எங்கள் குழுத்தலைவர். "கடலால வந்த உப்புன்னுதானே நெனைச்சுக்கிட்டு இருக்காங்க."

ஆனால் ஒன்பது வீட்டார் தங்கள் கிணற்றையும் இறைக்கச் சொல்லிக் காத்திருந்தார்கள். அவர்களைக் கூட்டி வந்தவரே அன்னலட்சுமி அக்காதான். நான் பேசாமல் போனால் மோட்டாரை வாடகைக்கு எடுத்தாவது இறைத்துவிடுவார்கள்.

"அக்கா, உங்க கெணத்துல உப்பு கூடிப்போச்சு. கடலால இல்ல. நாங்க எறைச்சதால."

"பகிடி விடாதேயுங்கோ பிள்ளை."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று செய்து காட்டினேன்: கண்ணாடித் தம்ளரில் மஞ்சள் கரைத்த உப்புநீர், மேலே தேங்காய் எண்ணெய். பப்பாசி இலைக்காம்புக் குழலை எண்ணெய்க்குள் விட்டு உறிஞ்சித் துப்பினேன். எண்ணெய் குறையக் குறைய, துப்பியதில் மஞ்சள் நீரும் கலந்து வந்தது.

அவர் தம்ளரைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"போன கிழமை இந்தத் தண்ணியிலதான் சோறு வடிச்சனான். இனி ஏலாதோ?"

"ஏலாது. மழை வர்ற வரைக்கும்."

"ஒன்பது வீட்டுக்கும் நீங்களே போய்ச் சொல்லுங்கோ. என்னால அந்த முகங்களில முழிக்க ஏலாது."

போனேன். "படிச்ச பிள்ளையள் எண்டெல்லோ நம்பினனாங்கள்," என்றார் நான்காவது வீட்டில் ஒருவர். மற்ற வீடுகளில் கதவைச் சாத்திக்கொண்டார்கள். ஆனால் யாரும் இறைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை நான்கு பேர் மூதூரில் படகு ஏறினார்கள். மாரி வரும்வரை கிணறுகளை அளக்கிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு நான் தங்கினேன்.

தினமும் விடிய, பள்ளிக்கூடக் கிணற்றிலிருந்து இரண்டு கலன் நல்ல தண்ணீரைச் சைக்கிளில் கட்டி, அன்னலட்சுமி அக்காவின் வேலிப் படலையில் வைப்பேன். பின்னேரம் வெறும் கலன்கள் படலைக்கு வெளியே இருக்கும். எங்களுக்குள் இருந்த கதை அவ்வளவுதான். வேறு யாரும் என்னோடு கதைக்கவில்லை. கரையில் நின்றால் குடாவுக்கு அப்பால் துறைமுகத்துக் கப்பல்கள் தெரியும். என் குரல் எனக்கே மறந்துவிடக்கூடாதென்று அன்றைய எண்களை அவற்றுக்கு உரக்க வாசித்தேன். ஐயாயிரத்து எண்ணூறு. ஐயாயிரத்து ஐந்நூறு.

கார்த்திகையில் மழை பிடித்தது. மூன்று வாரம் விடாமல் பெய்த பிறகு இரண்டாயிரத்து அறுநூறு.

அன்று படலை திறந்திருந்தது.

"உள்ளுக்கு வாங்கோ."

குசினி அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டுத் தேத்தண்ணி தந்தார். ஒரு மிடறு குடித்து நிமிர்ந்தேன். உப்பு.

"எங்கட கிணத்துத் தண்ணி," என்றார். "நீங்கள் போட்ட உப்பு. நீங்களே குடியுங்கோ."

முகத்தில் சிரிப்பில்லை. தனக்கும் ஒரு கோப்பை ஊற்றிக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். இரண்டு பேரும் குடித்தோம்.

"இப்ப எவ்வளவு காட்டுது?"

சொன்னேன்.

"பழைய ஆயிரத்து எண்ணூறுக்கு எப்ப வரும்?"

"தை வரைக்கும் மழை பெஞ்சா வந்துரும் அக்கா."

"அதுவரைக்கும் நிப்பீங்களோ?"

"விசா முடியுது. வர்ற செவ்வாக்கெழம போகணும்."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு, நான் மேசையில் வைத்திருந்த அளவுக் கருவியை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப இதை எப்பிடிக் கிணத்துக்க விடுறது எண்டு காட்டிப்போட்டுப் போங்கோ."

மிச்சத் தேத்தண்ணியையும் குடித்துவிட்டு எழுந்தேன்.