பத்தாவது கிணறு

எங்கள் ஊரில் முப்பத்தேழு கிணறுகள் இருந்தன. அரசாங்கப் பதிவில் ஒன்றுதான். அந்த ஒன்றும் கீழ்த்தெருக் கோடியில் உப்பேறிக் கிடந்த பொதுக்கிணறு. அதில் மாடுகூட வாய் வைக்காது. மற்ற முப்பத்தாறையும் நாங்கள் ஒளித்து வைத்திருந்தோம். கிணற்றை எப்படி ஒளிப்பது என்று கேட்பீர்கள். எங்களைக் கேட்டால் பாடமே எடுப்போம்.

பதினைந்து வருஷத்துக்கு முன்னால் மழை பொய்த்தபோது தண்ணீர்த் துறை ஒரு சட்டம் கொண்டுவந்தது. அனுமதி இல்லாத கிணறுகளை மூடிவிடுவார்கள். பக்கத்து ஊரில் லாரி லாரியாகக் கல்லும் மண்ணும் கொட்டி நாலு கிணறுகளைத் தூர்த்ததை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். அன்றே வேலையை ஆரம்பித்தோம். தையற்காரர் கிணற்றின் மேல் பலகை அடித்துத் துணி வெட்டும் மேசையைப் போட்டார். பால்காரம்மா வைக்கோல் போர் போட்டாள். என் அண்ணன் சாமான் அறையையே கிணற்றின் மேல் கட்டிவிட்டான். மாவு மில் ஓடும்போது மட்டும்தான் மோட்டார் போட வேண்டும், அப்போதுதான் சத்தம் வெளியே கேட்காது என்று ஊர்க்கட்டுப்பாடு. மில் கெட்டுப்போன நாளில் ஊரே குளிக்காது.

நான் மோட்டார் மெக்கானிக். அந்த முப்பத்தாறு மோட்டார்களும் என் கையால் இறங்கியவை. சோதனைக்கு வந்த அதிகாரிக்கு, ஊர்த் தலைவரான அண்ணன், தனியார் கிணறு ஒன்றுகூட இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். அதன் கீழே நானும் போட்டேன். "கிணறே இல்லாத ஊர்ல மோட்டார் மெக்கானிக்குக்கு என்னம்மா வேலை?" என்று அந்த மனிதர் கேட்டார். "மிக்சி, ஃபேன் எல்லாம் ரிப்பேர் ஆகாதா சார்?" என்றேன். அவர் போன பிறகு ஊரே வயிறு வலிக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். இதை மறைத்துவிட்டு மற்றவர்களைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை, அதனால் சொல்கிறேன்.

இப்போது ரயில் வருகிறது. எங்கோ இருக்கிற ஒரு நகரத்திலிருந்து எங்கோ இருக்கிற இன்னொரு நகரத்துக்கு நாற்பது நிமிஷம் சீக்கிரம் போவதற்காக ஒரு ரயில். எங்கள் ஊரில் நிற்காது. பக்கத்தில் எங்கேயும் நிற்காது. ஊருக்குப் பின்னால் இருக்கிற மலைக்குள் நுழைந்து, எங்கள் வீடுகளுக்கு அடியில் சுரங்கமாகப் போய், அந்தப் பக்கம் வெளியே வரும். யார் வீட்டையும் இடிக்கப்போவதில்லை, அதனால் யாருக்கும் பாதிப்பில்லை என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். அதனுடன் ஒட்டிய வரைபடத்தில் எங்கள் ஊரின் மேல் இப்படி அச்சடித்திருந்தது: வறண்ட நிலம், நீர் ஆதாரம் இல்லை.

அண்ணன் கொதித்து எழுந்தான். சும்மா சொல்லக் கூடாது, போராட்டத்தை அவன்தான் நடத்தினான். கறுப்புக்கொடி, ஊர்வலம், மைக், கையெழுத்து இயக்கம் என்று மூன்று மாதம் அவன் தொண்டை கட்டியே இருந்தது. "எங்க பொணத்து மேலதான் ரயில் ஓடும்!" என்று அவன் கத்தியபோது எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. கொடிக்கம்பத்தை நானும் தூக்கிக்கொண்டு நடந்தேன். மனு மேல் மனு போட்டோம். எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான் வந்தது: பாதுகாக்க வேண்டியது எதுவும் அங்கே இல்லை.

அந்தச் சமயத்தில்தான் ரயில் கம்பெனியின் இளம் இன்ஜினியர் ஒருத்தி, கருவியின் ஒயர் அறுந்துபோய் என் பட்டறைக்கு வந்தாள். பற்றவைத்துக்கொண்டே கேட்டேன்.

"ஏம்மா, அடியில தோண்டினா மேல என்ன ஆகும்?"

"வீட்டுக்கு ஒண்ணும் ஆகாது. பாறைக்குள்ள ஓடுற ஊத்து எல்லாம் சுரங்கத்துக்குள்ள இறங்கிடும். கிணறு இருந்தா வத்திடும்."

"வத்தினா?"

"அதுக்கு விதி இருக்குக்கா. சுரங்கப் பாதைக்கு மேல பத்து வீட்டுக் கிணறு பதிவுல இருந்தா (உப்புப் பொதுக்கிணறு கணக்குல வராது), முதல்ல பாறைக்குள்ள சிமெண்ட் செலுத்தி, தண்ணி இறங்காதபடி அடைச்சிட்டுத்தான் தோண்டணும். பத்துக்குக் கீழ இருந்தா அடைக்க வேண்டாம். பதிவு பண்ணின வீட்டுக்கு மட்டும் லாரியில தண்ணி கொடுத்தா போதும்." அவள் தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தாள். "உங்க ஊர்லதான் வீட்டுக் கிணறு ஒண்ணுகூட இல்லையே. அப்புறம் எதுக்குக்கா இந்தப் போராட்டம்?"

என் கையிலிருந்த பற்றவைக்கிற சூட்டுக்கோல் மேசைமேல் விழுந்து ஒயரைச் சுட்டது. நாங்கள் அவர்கள் கண்ணில் மண்ணைத் தூவியதாகப் பதினைந்து வருஷம் பெருமைப்பட்டிருக்கிறோம். அவர்கள் செய்ததெல்லாம் எங்கள் பேச்சை நம்பியதுதான்.

அன்றே அண்ணன் வீட்டுக்கு ஓடினேன். அவன் மறுநாள் ஊர்வலத்துக்குத் தட்டி எழுதிக்கொண்டிருந்தான். விஷயத்தைச் சொன்னேன். தூரிகையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"நாமளே போய் மாட்டிக்கிறதா? நாளைக்கே லாரி வந்து எல்லாத்தையும் தூத்துடுவான்."

"தூத்தாலும் போகும், தோண்டினாலும் போகும். சொன்னா ஒரு வழியாவது இருக்கு. பத்துப் பேர் போதும் அண்ணா."

"பொய்க் கையெழுத்துப் போட்டது நான். தலைவர் பதவி போயிடும். கேஸ் போடுவான்."

"நானும்தான் போட்டேன். என்னையும்தான் பிடிப்பான்."

"உனக்கென்ன, நீ ஸ்க்ரூ திருகுறவ. நான் ஊருக்கு முன்னாடி தலைநிமிர்ந்து நடக்குறவன்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தத் தட்டியை எடுத்து அவன் தலையிலேயே மாட்டியிருப்பேன். அண்ணி உள்ளே இருந்தாள், அதனால் வாயை அடக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அப்படி அடக்கியதற்காக இன்னும் என்னையே திட்டிக்கொண்டிருக்கிறேன்.

பள்ளிக்கூடக் கூடத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம் வைத்தார்கள். ஆட்சேபத்தைச் சொல்ல அதுதான் கடைசி நாள். அதற்கு முன்னால் இருந்த ஒரு வாரமும் வீடு வீடாக ஏறி இறங்கினேன். "யோசிக்கிறேன்" என்றார்கள். "தலைவர் என்ன சொல்றார்?" என்றார்கள். அண்ணி கூட்டத்தன்று தன் அம்மாவைப் பார்க்க வெளியூர் போயிருந்தாள். மற்றபடி ஊரில் நடக்கத் தெரிந்த எல்லோரும் கூடத்தில் இருந்தோம். அண்ணன் முதல் வரிசையில் கறுப்புச் சட்டையோடு உட்கார்ந்து, மைக்கை வாங்கி அரை மணி நேரம் வாய் கிழியப் பேசினான். மண் என்றான், மானம் என்றான், மூதாதையர் என்றான். கிணறு என்ற வார்த்தை மட்டும் அவன் வாயிலிருந்து வரவேயில்லை.

மேடையில் கூட்டத்தை நடத்திய அதிகாரி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். அண்ணன் பேசி முடித்ததும், "உங்க உணர்ச்சி எனக்குப் புரியுது. ஆனா விதிப்படி நான் எதைப் பாதுகாக்கணும்? அதைச் சொல்லுங்க" என்றார்.

நான் எழுந்தேன்.

"சார், என் வீட்டுக் குளியலறைக்குக் கீழ ஒரு கிணறு இருக்கு. நாப்பத்தெட்டடி ஆழம். பதிவுல இல்ல. பதினஞ்சு வருஷம் முன்னாடி கிணறு இல்லன்னு நான்தான் கையெழுத்துப் போட்டேன். அது பொய்."

அதிகாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "இதைச் சொன்னதால உங்க மேல நடவடிக்கை வரலாம். வராதுன்னு நான் உறுதி தர முடியாது. எழுதிக்கட்டுமா?"

"எழுதுங்க."

ஒன்று என்று எழுதினார். ஓரத்தில் உட்கார்ந்திருந்த அந்த இன்ஜினியர்ப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். நான் உட்காரவில்லை. திரும்பி ஊரைப் பார்த்து நின்றேன். முதலில் தையற்காரர் எழுந்தார். "என் மேசைக்குக் கீழ ஒண்ணு சார். அம்பது அடி." பால்காரம்மா எழுந்தாள். எழுந்தவள், "வைக்கோலைப் பிரிச்சுக் காட்டட்டுமா? இப்பவே வாங்க!" என்று அதிகாரியோடு சண்டைக்குப் போகிற குரலில் கேட்டாள். மாவு மில்காரர். ரொட்டிக்கடைக்காரர். பள்ளிக்கூட ஆயா. எதற்கெடுத்தாலும் சட்டம் பேசுவதால் வக்கீல் என்று பேர் வாங்கிய எங்கள் தபால்காரர். கொத்தனார். அவர் எழுந்ததைப் பார்த்து அவருடைய மச்சான்.

ஒன்பது.

அதோடு நின்றுவிட்டது. மற்றவர்கள் எல்லோரும் ஒரே இடத்தைத்தான் பார்த்தார்கள். முதல் வரிசையைப் பார்த்தார்கள். அவன் எழுந்தால் மீதி இருபத்தாறு பேரும் எழுந்திருப்பார்கள், அது எனக்குச் சத்தியமாகத் தெரியும். எண்பது அடி ஆழம் அவன் கிணறு. ஊரிலேயே அதுதான் பெரியது. அதில் குதிரைசக்தி கூடிய மோட்டாரை இறக்கியதும் நான்தான்.

"அண்ணா, எழுந்திரு."

குத்துக்கல்லாக உட்கார்ந்திருந்தான்.

"அண்ணா, ஒண்ணே ஒண்ணுதான் வேணும். நான் உன்னைக் காட்டிக் கொடுத்தா செல்லாதாம், கிணத்துக்காரன் வாயாலதான் சொல்லணுமாம். எழுந்திரு அண்ணா!"

அதிகாரி அவனைப் பார்த்தார். "தலைவரே, உங்க வீட்டுல கிணறு இருக்கா?"

மைக் இன்னும் அவன் கையில்தான் இருந்தது. அதனால் அவன் சொன்னது கூடம் முழுக்கக் கணீரென்று கேட்டது.

"எங்க வீட்டுல கிணறு கிடையாது."

எழுந்து நின்ற ஒன்பது பேரில் பால்காரம்மா மட்டும் காறித் துப்பினாள், பள்ளிக்கூடம் என்றும் பாராமல். அதிகாரி பேனாவை மூடினார்.

தண்ணீர்த் துறை எங்கள் கிணறுகளைத் தூர்க்கும் என்று பயந்தோமே, தூர்க்கவில்லை. இரண்டு பேர் வந்து ஒன்பது கிணறுகளிலும் எண் எழுதிய தகரத்தை அடித்துவிட்டுப் போனார்கள். அவ்வளவுதான். இதற்காகத்தான் பதினைந்து வருஷம் மாவு மில் சத்தத்துக்குக் காத்திருந்து குளித்தோமா என்று நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

ஏழாவது மாதம் மலைக்குள் இயந்திரம் நுழைந்தது. பத்து இல்லாததால் பாறையை அடைக்கவில்லை. பாத்திரங்கள் அலமாரியில் நடுங்கும், அதிலிருந்துதான் எங்கே தோண்டுகிறார்கள் என்று தெரிந்துகொள்வோம். மூன்றாவது வாரம் அண்ணனிடமிருந்து போன் வந்தது. கூட்டத்துக்குப் பிறகு நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை.

"மோட்டார் காத்து இழுக்குது. வந்து பாரு."

போனேன். தொழில் என்று வந்தால் யார் கூப்பிட்டாலும் போவேன். சாமான் அறையில் தரைப்பலகையைத் தூக்கிவிட்டு, கயிற்றில் இரும்புக் குண்டைக் கட்டி இறக்கினேன். நாற்பது அடி, அறுபது அடி, எண்பது அடி. அடியில் டங்கென்று பாறையில் இடித்தது. மேலே இழுத்துக் குண்டைத் தொட்டுப் பார்த்தேன். ஈரமே இல்லை. அண்ணனும் அண்ணியும் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார்கள்.

"என்ன கோளாறு? சுருள் எரிஞ்சிடுச்சா?" என்றான்.

"மோட்டார்ல ஒரு கோளாறும் இல்ல. நீ அன்னிக்கு மைக்ல பொய் சொன்னே. இன்னிக்கு அது உண்மையாயிடுச்சு. உங்க வீட்டுல கிணறு கிடையாது."

அண்ணி என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். "மைக்ல என்ன சொன்னீங்க?" என்று கேட்டாள். ஊரே பேசிய விஷயத்தை அவள் காதில் மட்டும் யாரும் போடவில்லை. தலைவர் வீட்டம்மாவிடம் யார் சொல்வார்கள்? நான் சொன்னேன். ஒன்பது பேர் நின்றதை, பத்தாவதாக அவனைக் கெஞ்சியதை, அவன் சொன்ன பதிலை, ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன்.

அவன் கம்பெனிக்குப் போன் போட்டுக் கத்தினான். ஒலிபெருக்கியை அமுக்கியிருந்ததால் பதில் எங்களுக்கும் கேட்டது. "பதிவுல இல்லாத கிணறு எப்படி சார் வத்தும்?" என்று மரியாதையாகக் கேட்டார்கள். "வேணும்னா மனு கொடுங்க. ஆனா கூட்டத்துல கிணறு இல்லன்னு நீங்களே சொன்னது ஒலிப்பதிவுல இருக்கு."

அடுத்த இரண்டு நாளில் முப்பத்தாறு கிணறுகளும் வற்றின. என்னுடையதும்தான். பதிவு செய்த ஒன்பது வீட்டு வாசலிலும் ஆளுக்கொரு பிளாஸ்டிக் தொட்டி வைத்து, தினமும் காலையில் லாரி வந்து நிரப்பிவிட்டுப் போகிறது. ஒரு குடும்பத்துக்கு அளந்த தண்ணீர். அதை நான்கு குடும்பம் பங்குபோட்டுக் குடிக்கிறோம்.

முதல் நாள் என் தொட்டியில் குழாயைத் திறந்து வைத்துவிட்டு நான் பக்கத்திலேயே நின்றேன். பதினோரு பேர் வரிசையில் நின்றார்கள். அப்போது தெருமுனையில் அண்ணி வந்தாள், அண்ணன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு. ஒரு குடத்தை அவன் கையில் திணித்தாள்.

"நில்லுங்க" என்றாள். "அன்னிக்கு எழுந்து நிக்க முடியல இல்ல? இனிமே தினமும் நில்லுங்க."

அவன் பன்னிரண்டாவது ஆளாக நின்றான். வரிசை நகர நகர அவன் பார்வை தரையிலேயே இருந்தது. அவன் முறை வந்தது. குடத்தை நீட்டினான். அவனைத் திருப்பி அனுப்ப வேண்டும், இல்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டும் என்று நாக்கு துடித்தது. அந்தக் குடத்தில் அண்ணியும் குடிக்க வேண்டும். விளிம்பு வரை நிரப்பிக் கொடுத்தேன். என் ஆத்திரம் தீரவில்லை. தினமும் நிரப்பிக் கொடுக்கிறேன், தினமும் தீரவில்லை.