குப்பனூர் தாண்டியதும்

நர்ஸ் கொடுத்த பையில் ஒற்றைச் செருப்புதான் இருந்தது. சரஸ்வதி பையை பெஞ்சின் மேல் கவிழ்த்துப் பார்த்தாள். மூக்குக் கண்ணாடி, கைக்குட்டை, பாதி தீர்ந்த மாத்திரை அட்டை, செல்போன். இடது கால் செருப்பு மட்டும்.

"இன்னொண்ணு எங்கீங்க?"

"கொண்டாரும்போதே ஒண்ணுதாங்க இருந்துச்சு" என்றாள் நர்ஸ்.

"வண்டியில கெடக்கும்மா" என்றான் ஜீவா. "சாவியும் அங்கதான் இருக்கணும். இதுல காணோம்."

சரஸ்வதி ஒவ்வொன்றாக மறுபடி பைக்குள் வைத்தாள். ஏற்காட்டு ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்சின் பின்கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். அவள் கணவர் குழந்தைவேலுவின் உடலை வெள்ளைத் துணியில் சுற்றி உள்ளே ஏற்றியபோது, சுற்றுலா வந்த வேன் ஒன்று பாட்டை நிறுத்திக்கொண்டு ஒதுங்கி வழிவிட்டது. மணி ஐந்தேகால். நல்ல வெளிச்சம் இருந்தது. குளிரும் தொடங்கியிருந்தது.

டாக்டர் சின்ன வயசுக்காரர். குழந்தைவேலு இரண்டு மாதமாக அவரிடம்தான் நெஞ்சுவலிக்கு மாத்திரை வாங்கிக்கொண்டிருந்தார் என்பதால், உடலை அறுக்காமலே கொடுத்துவிட ஏற்பாடு செய்திருந்தார். போலீசிடமும் அவரே பேசினார். பிறகு சரஸ்வதியிடம் வந்து, "கஷ்டப்பட்டிருக்க மாட்டாருங்கம்மா. ஒரு செகண்டுதான். அவருக்கே தெரிஞ்சிருக்காது" என்றார்.

அந்த வார்த்தையை ஜீவா பிடித்துக்கொண்டான். போன் செய்த எல்லோரிடமும் அதையே சொன்னான். "ஒரு செகண்டுதானுங்களாம் மாமா." "ஒரு செகண்டுதான்டா, டாக்டரே சொன்னாரு." சரஸ்வதி அவன் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் நிறுத்திவிடக் கூடாது என்றிருந்தது.

ஏனென்றால் அன்று மதியம் போன் நெடுநேரம் அடித்தது.

குழந்தைவேலு இருபத்திரண்டு வருடமாக இந்த மலையில் எஸ்டேட் ரைட்டர், கணக்கெழுதுகிறவர். பிள்ளைகளின் படிப்பு, மாமியாரின் வைத்தியம் என்று குடும்பம் வாழப்பாடியிலேயே இருந்துவிட்டது. சனிக்கிழமை மதியம் இறங்குவார். திங்கட்கிழமை விடிவதற்குள் ஏறிவிடுவார். முதல் மூன்று வருடம் பஸ்ஸில். அப்புறம், வேலையை விட்டுப் போன மேனேஜர் ஒருவரின் ஃபியட்டை வாங்கினார். வெந்தய நிறம், ஸ்டியரிங்கிலேயே கியர், முன்னால் இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரை ஒரே சீட்டு. வாங்கும்போதே அது கிழவண்டி. அதில்தான் காலையில் தோட்டத்துக்குப் போனார், ஒண்டிக்கடை பஜாருக்குப் போய் அரிசி பருப்பு வாங்கினார், மிளகு மூட்டை ஏற்றினார். இப்போது இரண்டு மூன்று வருடமாக ஊர் பார்க்க வருகிறவர்கள் அதன் மேல் சாய்ந்து நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்களாம். ஒருவர் எந்த வருஷத்து மாடல் என்று கேட்டதற்கு, "என் வயசுதானுங்க. ரெண்டு பேருக்கும் பார்ட்ஸ் கெடைக்கறதில்ல" என்று சொன்னதாக வந்து சிரித்தார்.

இறங்கி வரும்போது அடிவாரத்தில் குப்பனூர் தாண்டியதும் ஒரு மிஸ்டு கால் கொடுப்பார். ஒரே ஒரு மணி. அடித்ததும் நின்றுவிடும். வெந்நீர் வை என்று அர்த்தம். அவர் வந்து சேர்வதற்கும் தண்ணீர் கொதிப்பதற்கும் சரியாக இருக்கும். பேசுவது இலவசமான பிறகும் அது மாறவில்லை. ஒருமுறை மறந்துபோய் எடுத்து "அலோ" என்றுவிட்டாள். "எடுத்துப்போட்டா அப்பறம் அது எப்படி மிஸ்டு காலு?" என்று அந்த ஞாயிறு முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அதிலிருந்து அவள் எடுத்ததே இல்லை.

இன்றும் எடுக்கவில்லை. அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஃபிரிட்ஜ் மேலிருந்த போன் அடித்தது. இன்றைக்கு நேரத்தோடு இறங்கிவிட்டாரே என்று நினைத்தாள். நிற்கவில்லை. இரண்டு, மூன்று என்று போய்க்கொண்டே இருந்தது. "கட் பண்ணுங்க, கேட்டுருச்சு" என்று அரிவாள்மணையிலிருந்தே சத்தமாகச் சொன்னாள். பிறகு எழுந்து போய்த் தண்ணீர் வைத்தாள். ஒரு மணி நேரம் கழித்து எஸ்டேட் ஆபீசிலிருந்து வேறு நம்பரில் கூப்பிட்டபோதும் அந்தத் தண்ணீரில் ஆவி வந்துகொண்டிருந்தது.

அவளுடைய போனில் அது மற்ற சனிக்கிழமைகளைப் போலவே ஒரு மிஸ்டு கால். மணி ஒன்று பன்னிரண்டு. எவ்வளவு நேரம் அடித்தது என்று அதில் காட்டாது. ஏறி வரும்போது காரிலேயே ஜீவா அதைப் பார்த்துவிட்டு, "அப்பா குப்பனூருக்கு முன்னாடியே குடுத்துட்டாரு போல" என்று மட்டும் சொன்னான்.

கை தெரியாமல் பட்டிருக்கும் என்று அவள் நினைத்துக்கொண்டாள். ஒரு நொடியில் போனவரின் கை எங்கே வேண்டுமானாலும் பட்டிருக்கலாம்.

ஆம்புலன்ஸ் ஓட்டுபவர் பெயர் ஆண்டனி ராஜ். நிதானமான ஆள். சரஸ்வதியை முன்னால் உட்காரச் சொன்னார். ஜீவா பின்னால் அப்பாவோடு உட்கார்ந்தான். அவர்கள் ஏறி வந்த வாடகைக் காரை முன்னமே அனுப்பிவிட்டார்கள். வழியில் நிற்கும் ஃபியட்டை எடுத்துக்கொண்டு வரவேண்டும். வளைவில் நிற்கிறது, இருட்டுவதற்குள் எடுத்துவிடுங்கள் என்று போலீஸ் சொல்லியிருந்தது.

ஆண்டனி ராஜ் மெதுவாகத்தான் இறக்கினார். இரண்டு பக்கமும் காப்பிச் செடிகளுக்கு மேலே சில்வர் ஓக் மரங்கள். மிளகுக் கொடிகள் உச்சி வரை ஏறியிருந்தன.

மகள் சௌமியா வீட்டிலிருந்து போன் செய்தாள். அழுது முடித்த குரல்.

"எங்கம்மா வர்றீங்க?"

"எறங்கீட்டோம் கண்ணு."

"பெரியத்த கேக்கறாங்கம்மா. ஆஸ்பத்திரியில இருந்து வர்றதால வெந்நீர் வெச்சுத்தான் குளிப்பாட்டணுமாம். ஊட்டுல ஏகப்பட்ட சனம், எதுவும் காதுல உழுக மாட்டேங்குது. குப்பனூர் தாண்டுனதும் ஒரு மிஸ்டு கால் குடுத்துரு. வெச்சர்றோம்."

சொன்ன பிறகுதான் அவளுக்கும் உறைத்திருக்க வேண்டும்.

"சரி" என்றாள் சரஸ்வதி.

ஃபியட் ஒரு வளைவு முடிந்ததும் இடது ஓரத்தில், பள்ளம் பார்த்து நின்றிருந்தது. தார் விளிம்பை விட்டு நன்றாக ஒதுக்கி, மதிலோரமாக, ஏதோ கல்யாண வீட்டு வாசலில் நிறுத்தியதுபோல ஒழுங்காக நின்றது. பக்கத்தில் மொபெட்டைச் சாய்த்துவிட்டு ஒருவர் குந்தியிருந்தார். ஆம்புலன்சைக் கண்டதும் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

கரடியூர் அங்கப்பன். மதியம் குழந்தைவேலுவை முதலில் பார்த்தது அவர்தான். ஜீப் ஒன்றை மறித்து அவரை ஆஸ்பத்திரிக்கு ஏற்றி அனுப்பிவிட்டு, வண்டி தனியாக நிற்கிறதே என்று அங்கேயே இருந்துவிட்டாராம். நாலு மணி நேரமாக.

"சாப்டீங்களா?" என்று கேட்டாள் சரஸ்வதி. வேறென்ன கேட்பது என்று தெரியவில்லை.

"அது கெடக்குதுங்கம்மா." அவர் ஆம்புலன்ஸ் பக்கம் ஒருமுறை கும்பிட்டார். "எங்க கவிதா பொறந்தது இந்த வண்டியிலதானுங்க. ஆஸ்பத்திரி கேட்டுக்குள்ள நொழையறதுக்குள்ள பொறந்துருச்சு. ரைட்டரு எறங்கி நின்னுக்கிட்டு, சீட்டு கவரு போச்சேன்னாரு. அத்தோட அவள எங்க பாத்தாலும் எங்கூட்டு சீட்டு கவரு வருதும்பாரு." சிரிப்பு மாதிரி ஏதோ வந்து பாதியில் நின்றுவிட்டது.

இது சரஸ்வதிக்குத் தெரியாது. சீட்டு கவர் மாற்றியது மட்டும் நினைவிருந்தது.

"சாவி பாத்தீங்களாண்ணா?" என்றான் ஜீவா.

அங்கப்பன் சட்டைப் பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தார். "டிக்கியில தொங்குச்சு சாமி. டிக்கி தொறந்தமேனிக்கு இருந்துச்சு, நான்தான் சாத்துனேன். செருப்பு ஒண்ணு அங்கனயே கெடந்துச்சு." மொபெட்டின் முன்கூடையிலிருந்து வலது செருப்பை எடுத்து, துண்டால் ஒருமுறை துடைத்து சரஸ்வதியிடம் நீட்டினார்.

அவள் வாங்கிக்கொள்ளவில்லை. பின்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சக்கரத்துக்கு முன்னால் கல் இருந்தது.

அது அவள் வீட்டுக் கல். மிக்ஸி வாங்கிய வருடம், இடம் மாற்றி வைக்கும்போது அம்மி விழுந்து மூலை உடைந்துபோனது. நல்லதில்லை, எங்காவது தள்ளிக் கொண்டுபோய்ப் போடுங்கள் என்றாள். உடைந்த மூலை ஆப்பு மாதிரி வாகாக இருக்கிறது என்று டிக்கியில் போட்டுக்கொண்டார். கை பிரேக்கை அவர் நம்பியதே இல்லை. எங்கே நிறுத்தினாலும் இறங்கிப் போய் டிக்கியைத் திறந்து, கல்லை எடுத்து, சக்கரத்துக்கு அணை வைத்து, காலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் வருவார். வாழப்பாடித் தெருவில் தண்ணீர் ஊற்றினால் ஓடாது. அங்கேயும் வைப்பார். அக்கம்பக்கத்தில் கேலி செய்வார்கள்.

"ஆமாங்கம்மா" என்றார் அங்கப்பன், அவள் பார்ப்பதைப் பார்த்து. "அந்த நெலமையிலயும் கல்லு வெச்சிருக்காரு பாருங்க. கீழ வளைவுல புள்ளைங்க பஸ்ஸுக்கு நிக்கும். வண்டி உருண்டு போயிருந்தா என்னத்துக்கு ஆவறது. எவன் வெப்பான்? நானெல்லாம் வெச்சிருக்க மாட்டனுங்க."

"அப்பா அப்படித்தான்" என்றான் ஜீவா. கண்களைத் துடைத்துக்கொண்டு ஓட்டுநர் பக்கக் கதவைத் திறக்கப் போனான்.

சரஸ்வதி அங்கப்பன் அருகில் வந்தாள்.

"நீங்க பாக்கறப்ப எப்படி இருந்தாருங்க?"

"சீட்டுல சாஞ்சு உக்காந்திருந்தாருங்க. தூங்கறாருன்னு நெனச்சனுங்க. ஏனுங் ரைட்டரேன்னு கண்ணாடியத் தட்டுனேன்."

"போனு?"

"கையிலதானுங்க இருந்துச்சு."

அவள் தலையாட்டினாள். வண்டியை ஒதுக்கியிருக்கிறார். எஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்திருக்கிறார். இறங்கி, பக்கவாட்டில் கையை ஊன்றிக்கொண்டு பின்னால் போயிருக்கிறார். கல்லைத் தூக்கியிருக்கிறார். குனிந்து வைத்திருக்கிறார். விட்டுப்போன செருப்பைப் போய் எடுக்க முடியாமல், ஒற்றைக் காலில் செருப்போடு திரும்பி வந்து, கதவைச் சாத்தி, மூக்குக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, போனில் அவளைத் தேடியிருக்கிறார். அவர் போனில் அவள் பெயர் 'ஊடு' என்றுதான் இருக்கும்.

"அம்மா, நீ ஆம்புலன்சுல போறியா, இதுலயா?" என்று ஜீவா உள்ளிருந்து கேட்டான்.

"இதுல."

ஆண்டனி ராஜ் கேட்டுவிட்டு, "அப்ப நான் முன்னாடி போறனுங்க. மெதுவாவே போறேன், பின்னாலயே வாங்க" என்றார். அங்கப்பன் ஆம்புலன்சில் ஏறிக்கொண்டார். மொபெட்டை நாளைக்கு எடுத்துக்கொள்ளலாம், ரைட்டரைத் தனியாக எப்படி அனுப்புவது என்றார்.

பழைய வண்டி எடுத்தவுடன் கிளம்பவில்லை. ஜீவா இரண்டு முறை சாவியைத் திருகிப் பார்த்தான். "கல்லை எடுத்தா உருட்டுலயே எடுத்துக்கும்மா. நான் பிரேக்குல இருக்கேன், எடுத்துட்டு ஏறிக்கறியா?"

சரஸ்வதி குனிந்தாள். கல் நன்றாக இறுகியிருந்தது. தட்டித்தான் வைத்திருக்கிறார். இரண்டு கையாலும் ஆட்டி எடுத்தாள். ஒரு பக்கம் அம்மி வழவழப்பு அப்படியே இருந்தது, மறுபக்கம் பதினைந்து வருடத்து டயர் கருப்பு. டிக்கியில் வைக்காமல் அதைத் தூக்கிக்கொண்டே முன்சீட்டில் ஏறினாள். வண்டி சத்தமில்லாமல் உருண்டு, ஒரு உதறு உதறி, உயிர் பிடித்தது.

ஓட்டுநர் பக்கத்தில் சீட்டு நன்றாக அமுங்கியிருந்தது. அவள் உட்கார்ந்த பக்கமும் அமுங்கித்தான் இருந்தது. யார் யாரோ உட்கார்ந்து போயிருக்கிறார்கள். அவள் இந்த மலையில் இந்த வண்டியில் ஏறியது, எண்ணிப் பார்த்தால், நாலைந்து முறை.

மரங்கள் குறைந்து வெயில் தட்டியது. கீழே சமவெளி மங்கலாகத் தெரிந்தது.

"நல்லவேளைம்மா" என்றான் ஜீவா, சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஒரு செகண்டுல போயிட்டாரு. இழுத்துக்கிட்டுக் கெடந்திருந்தா நம்மால பாக்கவே முடிஞ்சிருக்காது."

"ஜீவா."

"என்னம்மா?"

அவன் முகத்தைப் பார்த்தாள். மீசையில் மூக்குச் சளி காய்ந்திருந்தது. அதைத் துடைக்கக்கூட இல்லாமல் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தான். அந்த ஒரு நொடியை வைத்துக்கொண்டுதான் அவன் இந்த வண்டியை இறக்கிக்கொண்டிருந்தான்.

"மெதுவாப் போ சாமி."

குப்பனூர் வந்தது. டீக்கடையில் இருந்தவர்கள் ஆம்புலன்சைப் பார்த்து எழுந்தார்கள். அப்புறம் பின்னால் வரும் ஃபியட்டைப் பார்த்தார்கள். கடைக்காரர் வழக்கம்போலக் கையைத் தூக்கப் போய், பாதியில் நிறுத்தி, அப்படியே நின்றார்.

கடைசி வீடும் தாண்டியது. சரஸ்வதி போனை எடுத்து சௌமியாவின் நம்பரை அழுத்திக் காதில் வைத்தாள்.

ஒரு மணி அடித்தது. இதோடு நிறுத்த வேண்டும்.

விரல் போகவில்லை. இரண்டாவது அடித்தது. மூன்றாவது. அந்தப் பக்கம் வீடு நிறைய ஆட்கள். யாரோ சத்தத்தைக் கேட்டு, அடுப்பைப் பற்றவைக்கச் சொல்லி, போனை அப்படியே விட்டுவிட்டு எழுந்திருப்பார்கள். அடித்துக்கொண்டே இருந்தது. அவள் எண்ணுவதை விட்டுவிட்டாள்.

"கட் பண்ணிரும்மா, கேட்டிருக்கும்" என்றான் ஜீவா.

மணி தானாக நின்றது. நீங்கள் அழைக்கும் நபர் பதிலளிக்கவில்லை என்று ஒரு பெண்குரல் தமிழில் சொன்னது. பிறகு அதையே ஆங்கிலத்தில் சொன்னது. சரஸ்வதி இரண்டையும் முழுக்கக் கேட்டாள். போனை மடியில், கல்லுக்குப் பக்கத்தில் வைத்தாள். முன்னால் ஆம்புலன்ஸ் வாழப்பாடி ரோட்டில் திரும்பிக்கொண்டிருந்தது.