பம்பலப்பிட்டிப் பக்கச் சுவர்

போன முறை கனடாவிலிருந்து வந்த மிதுனா மூன்றாம் நாளே பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஹோட்டலுக்குப் போய்விட்டாள். "ஸ்டோர் ரூமுக்குள்ள படுக்கிற மாதிரி இருக்கம்மா" என்றாள். அந்தச் சொல் சுபோதினிக்கு இரண்டு வருஷமாக ஆறவில்லை. ஒரே பிள்ளை, கொழும்பு வெள்ளவத்தையில் சொந்த வீடிருக்க, நாலு தெரு தள்ளி வாடகைக்குப் படுத்தால் எந்தத் தாய்க்குத்தான் பொறுக்கும்?

ஆகவே இந்த முறை அறையை மகளின் விருப்பப்படியே மாற்றுவதென்று முடிவானது. மிதுனா வாட்ஸ்அப்பில் படங்களை அனுப்பினாள். மிட் செஞ்சரி மொடர்ன் என்பது அதன் பெயராம். தரையோடு பதிந்த கட்டில், குச்சிக்கால் மேசை, உட்காரக் கடுகு மஞ்சளில் ஒரு கதிரை, மற்றபடி வெறும் இடம். அந்த வெறும் இடத்தை உண்டாக்குவதுதான் பெரும்பாடு. இரும்பு அலுமாரி, தையல் மெஷின், ஏழு சூட்கேஸ் எல்லாம் சுபோதினியின் அறைக்குள் குடியேறின. மூன்று கிழமையாக வீடெங்கும் மரத்தூள். ஐம்பத்தெட்டு வயதில், வங்கியில் நாள் முழுக்க மாரடித்துவிட்டு வந்து, சூட்கேசுகளைத் தாண்டித் தாண்டித்தான் கட்டிலுக்குப் போனாள்.

நேற்றுப் பின்னேரம், கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த மரவேலைக்கார ஜீவராஜ் கட்டிலின் தலைப்பலகையைச் சுவரில் இறுக்கிப் பொருத்திவிட்டு நிமிர்ந்தார்.

"அக்கா, இது வடக்குங்களே. தெரிஞ்சுதான் இங்க வைக்கச் சொன்னீங்களா?"

சுபோதினி தலைப்பலகையைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். வெள்ளவத்தையில் யார் வடக்கு தெற்கு பார்க்கிறார்கள்? கடல் பக்கம், காலி வீதிப் பக்கம், தெஹிவளைப் பக்கம், பம்பலப்பிட்டிப் பக்கம், அவ்வளவுதான். "பம்பலப்பிட்டிப் பக்கச் சுவரில தலைப்பலகை" என்று மிதுனா சொல்ல, இவளும் ஓம் ஓம் என்று தலையாட்டியிருந்தாள். வடக்கே தலை வைத்துப் படுத்தால் ஆயுளுக்குக் கூடாதென்று கேட்டு வளர்ந்தவள், பெற்ற பிள்ளைக்கே அப்படிப் படுக்கை போட்டிருக்கிறாள்.

கழற்றினால் சுவர் பெயரும் என்றார் ஜீவராஜ். விடிந்தால் மிதுனா வந்துவிடுவாள்.

"பேசாமல் விடும்" என்றார் கணவர் தனஞ்சயன். "திசை கிசையெண்டு தொடங்கினால் அவள் திரும்ப ஹோட்டலுக்குப் போயிடுவாள்."

சுபோதினி தலையணைகளை மட்டும் எடுத்துக் கால்மாட்டில் வைத்தாள்.

காலையில் மிதுனா வாசலில் நின்று அறையை நெடுநேரம் பார்த்தாள். "நல்ல வடிவா இருக்கம்மா" என்றவள் தலையணைகளைக் கண்டுவிட்டாள். "ஏன் அங்கால வைச்சிருக்கிறியள்?"

மழுப்பச் சுபோதினிக்குத் தெம்பில்லை. "இந்தப் பக்கம் வடக்கு, பிள்ளை."

மிதுனா ஜன்னலால் கடலைப் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்தாள். முகம் வாடிவிட்டது.

"அங்க கனடாவில என்ர கட்டிலை நான் திசை பாத்துத்தான் போட்டனான். இங்க எது வடக்கெண்டு எனக்கு மறந்து போச்சம்மா."

ஹோட்டல் பேச்சு வரப்போகிறதென்று சுபோதினி காத்து நின்றாள்.

"நான் கொஞ்சம் தெரிஞ்ச இடத்தில படுக்கிறன்" என்று மிதுனா தாயின் அறைக்குள் போனாள். சூட்கேசுகளைத் தாண்டி, அலுமாரிக்கும் தையல் மெஷினுக்கும் நடுவில் தெற்கே தலைமாடாகக் கிடந்த கட்டிலில் ஏறிச் சுருண்டவள், ஐந்து நிமிஷத்தில் நித்திரையாகிவிட்டாள்.

சுபோதினிக்குச் சந்தோஷம்தான். மூன்று கிழமைப் பாட்டை நினைக்க ஆத்திரமும் வந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக அலுப்பு. புது அறைக்குள் போய், முழங்கால் நோக அந்தப் பதிந்த கட்டிலில் சரிந்தாள். கால்மாட்டில் கிடந்த தலையணை கைக்கு எட்டவில்லை, எட்டி எடுக்கவும் மனமில்லை. பிள்ளை தெற்கே தலை வைத்துப் படுத்திருக்கிறாள், அது போதும். தன் தலை எந்தப் பக்கம் கிடக்கிறதென்று பார்க்காமலே கண்ணை மூடினாள்.