பன்னிரண்டாவது கொக்கி

“முதல்ல கை நடுக்கத்தை நிறுத்துங்க அண்ணி. குதிச்சது நான். நடுங்குறது நீங்களா?”

“டீ சூடா இருக்கு. அதான்.”

“டம்ளர்ல டீயே இல்ல. பாதி தட்டுல இருக்கு, மீதி என் கட்டு மேல இருக்கு.”

நாத்தனார் சோபாவில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். நேற்று சாயங்காலம் விமானப் பணிப்பெண்ணின் சீருடையில் ஒற்றைக் காலால் தத்தித் தத்தி வீட்டுக்குள் வந்தவள், இப்போது அண்ணியின் பழைய நைட்டிக்குள் இருந்தாள். அதற்குள் இன்னொருத்தியும் தாராளமாகக் குடியிருக்கலாம்.

நேற்று மதியம் அவள் போன விமானம் கிளம்பிய பத்தாவது நிமிடம் இடது எஞ்சினில் தீப்பிடித்தது. திரும்பி வந்து ஓடுபாதையிலேயே நின்றது. நூற்று நாற்பத்து மூன்று பேரும் உயிரோடு இறங்கினார்கள். அந்த எண்ணை அண்ணன் சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் போனில் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிப்போய், தங்கைக்கும் தனக்குமாக மருந்து வாங்கக் கடைக்குப் போயிருந்தான்.

அண்ணி தட்டிலிருந்த டீயைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தாள்.

விமான நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் பணிமனையில் அவளுக்கு வேலை. ஆபத்து நேரத்தில் பயணிகள் வழுக்கி இறங்குகிற காற்றுச் சறுக்கைச் சோதித்து, மடித்து, கதவடியில் மாட்டுகிற பெட்டிக்குள் அடைக்க வேண்டும். விரித்தால் ஒரு வகுப்பறையை நிறைக்கிற துணி, மடிப்பு மடிப்பாகச் சுருங்கி ஒரு டிரங்குப் பெட்டி அளவுக்கு வந்துவிடும். வீட்டில் இந்த வேலைக்குப் பெரிய மதிப்பு கிடையாது. “நான் பறக்குறேன், அண்ணி துணி மடிக்கிறாங்க” என்று நாத்தனார் ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தாள்.

நேற்றுச் செய்தியில் ஒரு வரி வந்தது: பின்பக்க இடது கதவின் சறுக்கு விரியவில்லை. அந்த வரிக்குப் பிறகு அண்ணிக்குச் சோறு இறங்கவில்லை. அந்த விமானத்தின் பின்பக்கச் சறுக்குகள் இரண்டையும் மடித்தது அவள்தான்.

“உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்” என்றாள். “சொன்னா நீ என் மூஞ்சியில முழிக்க மாட்ட.”

“இப்ப மட்டும் என்ன, ஆசைப்பட்டா முழிக்கிறேன்? சொல்லுங்க.”

அண்ணி சிரிக்கவில்லை. சோபாவின் ஓரத்தில், விருந்தாளி மாதிரி உட்கார்ந்தாள்.

“ஸ்லைடுக்குக் காத்தடைக்க ஒரு சிலிண்டர் இருக்கும். நாங்க மடிக்கிறப்ப அது தப்பித் தவறி வெடிச்சுடக் கூடாதுன்னு வாயில ஒரு ஊசி குத்தி வச்சிருப்போம். பெட்டியை மூடுறதுக்கு முன்னாடி உருவிடணும். உருவலைன்னா கதவைத் திறந்தாலும் ஸ்லைடு விரியாது. உருவின ஊசியைச் சுவத்துப் பலகையில மாட்டணும். பன்னிரண்டு கொக்கி, பன்னிரண்டு ஊசி. சாயங்காலம் எண்ணிப் பார்த்துக் கையெழுத்துப் போடுவோம்.”

“சரி.”

“மூணு வாரம் முன்னாடி, உங்க விமானத்து ஸ்லைடு ரெண்டையும் மடிச்ச அன்னிக்கு, பதினொண்ணுதான் இருந்துச்சு. பக்கத்து மேசை மீசைக்காரர் எடுத்திருப்பார்னு நெனச்சேன். பாப்பாவுக்குக் காய்ச்சல்னு ஸ்கூல்லேர்ந்து போன் வேற. பன்னிரண்டுன்னு கையெழுத்துப் போட்டுட்டு ஓடி வந்துட்டேன். நேத்து நியூஸ் பார்த்துட்டு அவருக்குப் போன் பண்ணிக் கேட்டேன். அவர் எடுக்கவே இல்லையாம். நான் எடுத்திருப்பேன்னு அவர் இத்தனை நாளா நெனச்சுக்கிட்டு இருந்திருக்கார். அந்தக் கொக்கி இன்னும் காலியாத்தான் கெடக்கு.”

அவள் குரல் இறங்கியது. “அந்த இடது பக்கத்து ஸ்லைடு… ஊசியோடயே மூடிட்டேன் போல. நீ அந்தக் கதவுல நின்னிருந்தா?”

நாத்தனார் சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“அந்தக் கதவை யாரும் திறக்கவே இல்ல அண்ணி.”

“என்னது?”

“இடது பக்கம் எஞ்சின் எரியுது. அந்தப் பக்கம் திறந்தா நேரா நெருப்புக்குள்ள இறங்கணும். கண்ணாடி வழியா வெளிய பார்த்துட்டுத்தான் கதவுல கை வைக்கணும், அதான் எங்க பாடம். என்கூட இருந்த பொண்ணு பார்த்தா, கையை விரிச்சுக் கதவுல முதுகைக் குடுத்து நின்னுட்டா. ஒருத்தன் திறடின்னு அவ தலைமுடியைப் பிடிச்சு இழுத்தான். நகரலையே அவ! எல்லாரையும் எதிர்க்க வலது கதவுக்கு, என் பக்கம் தள்ளி விட்டா. திறக்காத கதவுல ஸ்லைடு எப்படி விரியும்? நியூஸ்காரனுக்கு என்ன தெரியும்?”

அண்ணி மூச்சை விட்டாள். பாதிதான் விட்டாள்.

“ஆனா ஊசி? உன் பக்கம் விரிஞ்சிருச்சு. அப்ப ஊசி இடதுலதான் இருக்கு. திறந்திருந்தா?”

“அந்த ஊசி எப்படி இருக்கும்?”

“விரல் நீளம். நுனியில வளையம், வளையத்துல சிவப்பு நாடா. பறக்குமுன் நீக்கவும்னு எழுதியிருக்கும்.”

நாத்தனார் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“என்னடி?”

“அண்ணி… அடிக்கக் கூடாது.”

“நீ முதல்ல சொல்லு.”

“அன்னிக்கு நீங்க பாப்பாவைத் தூக்கிட்டு டாக்டர்கிட்ட போனீங்க. உங்க வேலை உடுப்பை நான்தான் மெஷின்ல போட்டேன். அதோட பாக்கெட்ல சிவப்பு நாடா இருந்துச்சு. அந்த மாதிரி சாவிக்கொத்து ஏர்போர்ட் கடையில விக்கிறாங்க. நீங்க எனக்குத்தான் வாங்கிட்டு வந்து, கொடுக்க வெக்கப்பட்டு வச்சிருக்கீங்கன்னு நெனச்சேன்.”

“நான் எதுக்குடி வெக்கப்படணும்?”

“நமக்குள்ள என்ன கொஞ்சலா ஓடுது? எடுத்து என் பெட்டியில மாட்டிக்கிட்டேன். மூணு வாரமா எல்லா ஊருக்கும் போய் வந்துச்சு. இப்ப பெட்டியோட அந்த விமானத்துக்குள்ளதான் கிடக்குது. பையை விட்டுட்டு வாங்கன்னு எல்லாரையும் கத்திட்டு, நான் மட்டும் எடுத்துட்டு வர முடியுமா?”

அப்படியானால் அண்ணி ஊசியை உருவியிருக்கிறாள். உருவிய கை, போன் வந்த அவசரத்தில் அதைப் பலகைக்குப் பதில் உடுப்புப் பையில் போட்டிருக்கிறது. இரண்டு சறுக்குப் பெட்டிகளும் சரி. அண்ணி மனதுக்குள் மறுபடியும் எண்ணிப் பார்த்தாள்: பலகையில் பதினொன்று, நாத்தனாரின் பெட்டியில் ஒன்று.

சிரிப்பு முதலில் யாருக்கு வந்தது என்று தெரியவில்லை. அழுகை இருவருக்கும் சேர்ந்தே வந்தது. நாத்தனார் நைட்டியின் கையை இழுத்து மூக்கைத் துடைத்தாள்.

“துடை. உன் துணியா அது?”

“துணி மடிக்கிறவங்கன்னு இனிமே சொல்ல மாட்டேன் அண்ணி. சத்தியமா. எழுபத்தொரு பேரு என் கதவு வழியா இறங்குனாங்க. கைப்பிடியைத் திருப்பினேன், புஸ்ஸுன்னு சத்தம், அடுத்த மூச்சுக்குள்ள கீழ தரை வரைக்கும் ரோடு போட்ட மாதிரி கிடந்துச்சு. கடைசியா நான் வழுக்கிக்கிட்டு வரும்போது கையால தடவிப் பார்த்தேன். நல்லா இஸ்திரி போட்ட மாதிரி இருந்துச்சு. உங்களைத்தான் நெனச்சேன்.”

அண்ணி எழுந்தாள். சமையலறையில் பாப்பாவின் சாப்பாட்டு டப்பா கழுவாமல் கிடந்தது. ஜன்னலுக்கு வெளியே யாரோ ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார்கள். எல்லாம் நேற்று இருந்த இடத்திலேயே இருந்தன.

பணிமனைச் சீஃபுக்குப் போன் செய்தாள். பொய்க் கையெழுத்தைச் சொன்னாள். ஊசி இருக்கும் இடத்தையும் சொன்னாள். அவர், “நாளைக்கு வந்து உன் கையாலயே எழுதிக் குடு. திட்டு கண்டிப்பா உண்டு” என்றார். பிறகு, “அந்தப் பொண்ணு கால் எப்படிம்மா இருக்கு?” என்றார்.

போனை வைத்துவிட்டு வந்து, இந்த முறை சோபாவில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். ஒன்பது வருடங்களில் அவள் எத்தனையோ சறுக்குகளை மடித்திருக்கிறாள். சோதனை அறையில் அவை விரிவதையும் பார்த்திருக்கிறாள். அங்கே அவற்றில் யாரும் இறங்கியதில்லை. நாத்தனாரின் கட்டுப் போட்ட காலை மெதுவாகத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

“முதல்லேர்ந்து சொல்லு” என்றாள். “ஒவ்வொருத்தரா சொல்லு. அது மேல முதல்ல இறங்குனது யாரு?”