குதிகால் பார்த்த தரை

பெலிக்ஸ் செருப்பைக் கோல் போஸ்டுக்குப் பக்கத்தில் கழற்றிப் போட்டுவிட்டு, பந்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு மைதானத்துக்குள் இறங்கினார். பாதம் முழுகத் தண்ணீர். மூன்று நாள் மழை அன்று காலையில்தான் விட்டிருந்தது. மாதா கோயிலுக்குப் பின்னால் கொடி கட்டியிருந்தது; மைக் செட் பாடிக்கொண்டிருந்தது. இரண்டு டீமும் ஜெர்சி போட்டுக்கொண்டு கோட்டுக்கு வெளியே நின்றன. மாதா கோப்பை ஃபைனல். ஆட்டம் உண்டா இல்லையா என்று ரெஃப்ரிதான் சொல்ல வேண்டும். இருபது வருஷமாக இந்த ஊருக்கு ரெஃப்ரி என்றால் பெலிக்ஸ்தான்.

உப்பு விற்கப் போனால் மழை பெய்கிறது என்று மற்றவர்கள் அலுத்துக்கொள்வார்கள். உப்பளத்தில் கூலி வேலை பார்க்கிறவனுக்கோ மழை பெய்தால்தான் கால் ஓய்கிறது. ஓய்ந்த கால் சும்மா கிடக்குமா, பந்தைத் தேடும். வெயில் காய்கிற மாதமெல்லாம் உப்பு வாருகிறவனுக்குக் கோப்பை நடத்த நேரமேது? ஆகவே இங்கே கால்பந்து என்றாலே கார்த்திகை, மார்கழிச் சேறுதான். விழுகிறவனைப் பார்த்துச் சிரிக்கவே பாதிக் கூட்டம் வரும். பெலிக்சும் சிரித்தவர்தான், போன வருஷம் வரைக்கும்.

போன வருஷமும் இப்படித்தான் தண்ணீர் நின்றது. பெலிக்ஸ் உள்ளே இறங்கி, நாலு இடத்தில் குதிகாலை ஊன்றி அழுத்திப் பார்த்தார். உப்புப் பாத்தி மிதிக்கிறவர்கள் பார்க்கிற பார்வை அது. குதிகால் புதையவில்லை என்றால் தரை கெட்டி, தண்ணீரை உள்ளே இறங்க விடாமல் தேக்கும், இனி உப்பு விளையும். புதையவில்லை. ஆடலாம் என்று விசிலை ஊதிவிட்டார். பாத்திக்கு நல்ல தரை, ஓடுகிற காலுக்கு எமன் என்று அவருக்கு அப்போது தோன்றவில்லை. முப்பதாவது நிமிஷம் அரவிந்தன் பந்தோடு பறந்து வந்தான். பந்து தண்ணீரில் சப்பென்று நின்றுவிட்டது, அவன் நிற்கவில்லை. திரும்பி எடுக்கப் பார்த்தவன் மேல், எதிரே வந்தவன் நிற்க முடியாமல் வழுக்கிக்கொண்டு வந்து மோதினான். முட்டி உடைந்த சத்தம் பெலிக்சுக்குக் கேட்டது. பத்தடி தூரத்தில்தான் நின்றிருந்தார்.

அரவிந்தனுக்கு இருபத்திரண்டு வயது. இப்போது குயிலாப்பாளையத்தில் ஒரு கெஸ்ட் ஹவுஸ் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட் திறந்து விடுகிறான். அவன் அம்மா பொன்னி, பெலிக்ஸ் வேலை செய்கிற உப்பளத்திலேயே உப்புச் சுமக்கிறாள். "மழைக்கு யாரு என்னாங்க பண்ண முடியும்?" என்று அவளே இவருக்கு ஆறுதல் சொன்னாள். ஊரும் அதையேதான் சொன்னது. ஒருவராவது திட்டியிருந்தால் தேவலாம் என்று இருந்தது அவருக்கு. மனைவி ஆன்மேரி இருந்திருந்தால் சொல்லி அழுதிருப்பார். அவள் போய் நாலு வருஷம் ஆகிறது. வீட்டில் ரேடியோவிடமா சொல்ல முடியும்?

இந்தத் தடவை அவர் குதிகாலை ஊன்றவில்லை. நடு மைதானத்துக்குப் போய், நெஞ்சு உயரத்திலிருந்து பந்தை விட்டார். சொத்தென்று விழுந்தது, ஒரு விரற்கடை கூட எழும்பவில்லை. காலால் தள்ளினார். இரண்டு சாண் போய் நின்றுவிட்டது. பந்தை அங்கேயே விட்டுவிட்டுக் கோட்டுக்கு வந்தார்.

"ஆட்டம் இல்ல."

கமிட்டித் தலைவர் சிலுவைமுத்துவுக்கு முகம் சுருங்கியது. "ஏம்பா பெலிக்சு, போன வருசம் இத விட ஜாஸ்தி தண்ணி. ஆடலியா?"

"ஆடினோம். அதான் சொல்றேன்."

"சாமியார் கப்போட வந்து குந்திகினு இருக்காரு. ஊரு உலகத்துலேர்ந்து ஜனம் வந்திருக்குது. நீ பாட்டுக்கு இல்லன்னா?"

கூட்டத்தில் ஒருவன், "அந்தப் பையன் காலு போனதுலேர்ந்து இவருக்கு பயம் புடிச்சிக்கிச்சு" என்றான். அத்தனை தலையும் அரவிந்தன் பக்கம் திரும்பியது. கொடிக்கம்பத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தவன் தலையைக் குனிந்துகொண்டான். அரைமணி நேரம் சத்தம் போட்டுவிட்டு ஜனம் கலைந்தது. போகும்போது யாரும் பெலிக்சிடம் சொல்லிக்கொண்டு போகவில்லை.

கடைசியில் அரவிந்தன்தான் காலை இழுத்துக்கொண்டு வந்தான்.

"என்னாலயாண்ணா நிறுத்திட்டீங்க? வேணாங்கண்ணா. நாளைலேர்ந்து ஊரே என்னை ஒரு மாதிரி பாக்கும். எப்பவோ நடந்தது. மழ பேஞ்சுது, வழுக்குச்சு. அவ்ளோதான்."

"மழ இல்லடா."

"என்னாண்ணா?"

ஒரு வருஷமாக உள்ளேயே வைத்திருந்ததை பெலிக்ஸ் சொன்னார். "அன்னிக்கு நான் பந்தப் போட்டுப் பாக்கல. ரெஃப்ரின்னா பாக்கணும். பாத்தி பாக்குற மாதிரி குதிகால வச்சிப் பாத்துட்டு ஊதிட்டேன். பந்தப் போட்டிருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும். ஆட்டமே நடந்திருக்காது."

சொல்லி முடித்ததும் நெஞ்சு லேசானது. இவ்வளவு லேசாகும் என்று தெரிந்திருந்தால் முன்னமே சொல்லியிருக்கலாமே என்றுகூட நினைத்துவிட்டார். பிறகுதான் அவன் முகத்தைப் பார்த்தார்.

அரவிந்தன் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றான். "மழைன்னே நெனச்சினு இருந்தேன்ணா" என்றான். "மழ மேல கோவம் வராது. நிம்மதியா தூங்கினு இருந்தேன்."

"அரவிந்தா..."

"வரேங்கண்ணா."

அவன் கொடிக்கம்பத்தடிக்குப் போய் நாற்காலியை ஒரு கையால் தூக்கிக்கொண்டு, கோயில் சுவரோரமாக இழுத்து இழுத்து நடந்து போனான். உதவப் போகலாமா என்று பெலிக்ஸ் ஓரடி எடுத்து வைத்து, நின்றுகொண்டார். மைக் செட்காரன் பாட்டை நிறுத்திவிட்டு ஒயரைச் சுருட்டினான். சிறிது நேரத்தில் அவனும் வண்டியேறிப் போய்விட்டான்.

நடு மைதானத்தில் பந்து விட்ட இடத்திலேயே இருந்தது. எடுத்துவர உள்ளே இறங்கினார். பாதி வழியில் தன்னையறியாமல் நின்று, குதிகாலை ஊன்றி அழுத்தினார்.

கெட்டியாகத்தான் இருந்தது.