கோல்மனின் ஆகஸ்ட்

"அந்தச் சாம்பல் கலர் வேணாம், ஊனா. ஊருக்குப் போட்டுட்டுப் போவாரே, அந்த நீல கோட்டை எடுங்க" என்றாள் பெர்னி.

ஊனா அண்ணன் கோல்மனின் அறையில் அலமாரிக்குள் விட்ட கையை அப்படியே நிறுத்தினாள். அண்ணனுக்கு உடுத்திச் சவப்பெட்டியில் வைக்கத் துணி வேண்டும் என்று காலையிலேயே சொல்லி அனுப்பியிருந்தார்கள். அலமாரியில் இருந்ததே இரண்டு கோட்டுகள்தான்.

"எந்த ஊருக்கு?"

"உங்க வீட்டுக்குத்தான். ஆகஸ்ட் வந்தா போதும், பிரஷ்ஷைத் தண்ணியில முக்கி இந்தக் கோட்டைத் தேச்சுக்கிட்டு நிப்பாரு. தங்கச்சி கண்ணுக்கு எதுவும் தப்பாதுன்னு சொல்லுவாரு."

கோல்மன் அயர்லாந்தில் அவள் இருக்கும் மேயோவுக்கு வந்து முப்பது வருஷத்துக்கு மேலாகிறது. அம்மாவைப் புதைத்த அன்று வந்ததுதான் கடைசி. ஊனா அதைச் சொல்ல வாயெடுத்துவிட்டு, சொல்லாமல் நீலக் கோட்டை எடுத்து நீட்டினாள். தேய்த்த மடிப்பு கலையாமல் இருந்தது.

செவ்வாய்க்கிழமை அவளுக்குப் போன் செய்ததும் இந்த பெர்னிதான். அவள் விமானம் பிடித்து இங்கிலாந்தின் கவென்ட்ரி வந்து சேர்ந்தபோது ஆஸ்பத்திரியில் அவன் கண் திறக்கும் நிலையில் இல்லை. தெருவில் பார்த்திருந்தால் அடையாளம் தெரிந்திராத ஒரு கிழவனின் கையைப் பிடித்துக்கொண்டு ஊனா சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தாள். சின்ன வயதில் கதவிடுக்கில் நசுங்கிய கட்டைவிரல் நகத்தைப் பார்த்துத்தான் அது தன் அண்ணன் என்று நிச்சயம் செய்துகொண்டாள். விளக்கு போடும் நேரத்தில் அவன் மூச்சு நின்றது.

பெர்னி இங்கே உள்ள ஐரிஷ் சங்கத்தில் வேலை பார்க்கிறாள். சம்பளம் அயர்லாந்தின் தலைநகரான டப்ளினிலிருந்து வருகிறது. வெளிநாடு போய் அங்கேயே கிழமாகிவிட்ட தன் மக்களுக்காக அரசாங்கம் வருஷா வருஷம் கொஞ்சம் பணம் ஒதுக்குகிறது. வியாழக்கிழமைச் சாப்பாடு, ஆஸ்பத்திரிக்குத் துணை, ஜூன் மாதம் ஒரு பஸ் பிடித்து, அதையும் கப்பலேற்றி, ஊரைப் பார்க்க வழியில்லாதவர்களைக் கூட்டிக்கொண்டு போய் வருவது எல்லாம் அந்தப் பணத்தில்தான். மந்திரிமார்களுக்கு இவர்கள் நினைவு கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது. அதற்குள் பாதிப் பேர் போய்ச் சேர்ந்திருந்தார்கள்.

"உங்க அண்ணன் என்னைப் படுத்தின பாடு கொஞ்சமில்ல" என்றாள் பெர்னி, கோட்டைப் பையில் வைத்தபடி. "சாப்பாடு டப்ளின் காசுன்னு தெரிஞ்ச அன்னைக்குத் தட்டைத் தள்ளி வச்சுட்டாரு. 'அன்னைக்கு எங்களை மாட்டோட மாடா கப்பல்ல ஏத்தி விட்டவங்க இப்ப உருளைக்கிழங்கு போட்டா நான் திங்கணுமா'ன்னாரு. அப்புறம் நான், 'இது மிஞ்சிப் போனது, கொட்டத்தான் போறேன்'னு சொல்லணும். அப்பதான் சாப்பிடுவாரு. வாரா வாரம் சொல்லணும்."

ஊனா வந்ததிலிருந்து முதல் தடவையாகச் சிரித்தாள். இது அவளுக்குத் தெரிந்த கோல்மன்.

"எங்க அடக்கம்னு இன்னைக்குள்ள சொல்லிடுங்க" என்றாள் பெர்னி. "ஊருக்குன்னா கொண்டுபோற ஏற்பாடெல்லாம் நாங்க பாத்துக்கறோம். இப்ப சாப்பிட வாங்க. எல்லாரும் உங்களுக்காகத்தான் காத்துட்டிருக்காங்க."

இங்கேயே அடக்கம் செய்துவிடுவது என்று ஊனா தீர்மானித்திருந்தாள். ஊரில் அவனைத் தெரிந்தவர்கள் யாரும் மிச்சமில்லை. கல்லறையில் சுற்றி நிற்பவர்கள் அவளுக்காக வந்தவர்களாக இருப்பார்கள். ஒருத்தராவது, ஏன் அவன் ஒரு தடவைகூட வரவில்லை என்று கேட்பார்.

சங்கத்தின் கூடத்துக்குள் அவள் நுழைந்ததும் பேச்சு நின்றது. பிறகு ஒவ்வொருவராக எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். தடியூன்றி வந்தார்கள், மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். எல்லோருக்கும் அவளைத் தெரிந்திருந்தது.

"எத்தனை ஆகஸ்ட் அவரை வச்சுப் பாத்துக்கிட்டீங்க. நல்லா இருக்கணும்மா நீங்க."

"இந்த வருஷமும் வாசல் கேட்டுக்கு நீலப் பெயிண்ட்தானா?"

"நாய் இன்னும் நொண்டுதா?"

"ரொட்டியோட அடியைக் கருக்கிடுவீங்களாமே. அதுதான் ருசின்னு சண்டைக்கு வருவாரு."

கோல்மன் ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் செய்வான். நலம் விசாரித்து முடித்ததும், கேட்டுக்கு என்ன பெயிண்ட் அடித்தாய், நாய்க்குக் கால் எப்படி, இன்றைக்கு என்ன சமைத்தாய் என்று கேட்பான். மனுஷனுக்கு வேறு பேச்சே கிடையாதா என்று ஊனா எரிச்சல்பட்டதுண்டு. ஆகஸ்டில் மட்டும் இரண்டு ஞாயிறு போன் வராது. நண்பர்களோடு கடற்கரைக்கு எங்காவது போயிருப்பான் என்று நினைத்துக்கொள்வாள். அந்த இரண்டு வாரமும் அவள் வீட்டில் இருப்பதாக இவர்களிடம் சொல்லியிருக்கிறான். தான் இருக்கும் வீட்டுக்குத் தானே எப்படிப் போன் செய்வான்?

அவளுக்குக் கோபம் பொங்கியது. வா என்று அவள் கூப்பிடாத வருஷம் இல்லை. அடுத்த வருஷம் என்பான். கையில் ஒன்றுமில்லாமல் வர அவனுக்கு வெட்கம் என்று அவளுக்குத் தெரியும். ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் இருக்கும் அவள் மகனும் இப்போது அடுத்த வருஷம் என்றுதான் சொல்கிறான். ஆனால் அவள் வீட்டுக்கு வராத அண்ணன் இந்தக் கூடம் முழுக்க அவள் வீட்டைக் கொண்டுவந்து நிரப்பி வைத்திருக்கிறான். அவன் வரவே இல்லை என்று இப்போதே சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தாள்.

அதற்குள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜோசி என்ற கிழவி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"ஜூன் பஸ்ல முதல் சீட்டு வருஷா வருஷம் அவருக்குத்தான் எழுதுவா பெர்னி. 'எனக்கெதுக்கு, நான்தான் ஆகஸ்ட்ல தங்கச்சி வீட்டுக்குப் போறேனே, வழியில்லாதவங்களுக்குக் குடு'ம்பாரு. அவரு குடுத்த சீட்டுலதான் நான் போனேன். எங்கம்மா செத்து எத்தனையோ வருஷம் கழிச்சு, கல்லறைக் கல்லுல அவ பேரைப் பாத்தேன், கண்ணு. நீ ஒருத்தி இருந்ததாலதானே அவரால விட்டுக்குடுக்க முடிஞ்சுது."

ஊனா நினைத்துப் பார்த்தாள். முதல் வருஷம் யாராவது அவனிடம் கேட்டிருப்பார்கள், ஊருக்குப் போகலையா என்று. போறேனே என்று சொல்லிவிட்டிருப்பான். அதற்குப் பிறகு, வழியில்லாதவர்களுக்கான அந்த பஸ்ஸில் ஏறினால் தான் போனதே இல்லை என்று இத்தனை பேருக்கும் தெரிந்துவிடும். வாசலில் பஸ் வந்து நின்றும் அவனால் ஏற முடியாமல் போய்விட்டது.

எதிரே உட்கார்ந்து இவ்வளவு நேரம் முட்டைக்கோஸைக் கிளறிக்கொண்டிருந்த ஒரு கிழவர் தலையை நிமிர்த்தினார். கோல்மனின் அறைக்குக் கீழே குடியிருக்கும் ஓவ்னி. காலையில் படியில் பார்த்துத் தலையசைத்தவர்.

"போன வருஷம் கொட்டகைக்குக் கூரை போட்டுட்டு வந்ததாச் சொன்னான். ஒழுகாம இருக்கா?"

சுற்றியிருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்கள். அவளுக்குக் கொட்டகையே கிடையாது. ஓவ்னியின் கண்ணில் என்ன இருக்கிறது என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. தன்னைச் சோதிக்கிறார் என்று நினைத்தாள்.

"ஒரு சொட்டு ஒழுகல" என்றாள். "அவன் போட்டதாச்சே."

"ஏணியிலேருந்து விழப் பாத்தானாமே?"

"விழலை. நான் புடிச்சுக்கிட்டிருந்தேன். கீழ நின்னுக்கிட்டு நீ பண்றது அத்தனையும் தப்புன்னு சொல்லிட்டே இருந்தேன். ஆணியைக் கடிச்சுக்கிட்டு இருந்ததால அவனால திருப்பித் திட்ட முடியல."

கூடம் சிரித்தது. ஜோசி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். ஊனா மேலும் சொன்னாள். இரண்டு நாள் விடாமல் மழை பெய்ததையும், இருவரும் அடுப்படியில் சீட்டாடியதையும், அவன் ஏமாற்றியதையும் சொன்னாள். சொல்லச் சொல்ல எல்லாம் நடந்ததுபோலவே இருந்தது. நடக்கவில்லை என்பது நடு நடுவே ஞாபகம் வந்தது. இவ்வளவு லேசாக இருந்திருக்கக் கூடிய ஒன்று, ஒரே ஒரு வருஷமாவது நடந்திருக்கக் கூடாதா என்று தாங்க முடியாத ஆற்றாமை வந்தது.

பெர்னி தேநீர்க் கெட்டிலோடு வந்து குனிந்து, "அடக்கத்துக்கு என்ன சொல்லட்டும்?" என்று கேட்டாள்.

"ஊருக்குத்தான்" என்றாள் ஊனா. "அவன் வழக்கமா வர்ற இடம்தானே."

அண்ணனின் அறையைக் காலி செய்ய அவள் திரும்பிப் போனபோது ஓவ்னியும் கூடவே நடந்தார். படியேறி மேலே வந்தவர் வாசலிலேயே நின்றுகொண்டார். உள்ளே ஒரு கட்டில், ஒரு நாற்காலி, ஜன்னலோரம் ஒரு ஸ்டவ். வெளியே மோட்டார் பட்டறையின் சுவர் தெரிந்தது. ஆகஸ்டில் யாருக்கும் தெரியாமல் இதற்குள் எப்படி இருந்திருப்பான் என்று ஊனா நினைத்தாள். விளக்குப் போட்டிருக்க மாட்டான். ரேடியோ வைத்திருக்க மாட்டான்.

"நீங்க என்னை நல்லா மாட்டிவிடப் பாத்தீங்க" என்றாள் அவள், திரும்பாமலே.

"மாட்டிவிடலம்மா. நீங்க எதையோ சொல்ல வாயைத் திறந்தீங்க. உண்மையைச் சொல்லிடுவீங்களோன்னு பயந்துட்டேன்."

ஊனா திரும்பிப் பார்த்தாள்.

"என் தலைக்கு மேல இருக்கற பலகை அது" என்றார் ஓவ்னி, தரையைக் காட்டி. "செருப்பைக் கழட்டிட்டுத்தான் நடப்பான். இருந்தாலும் கேக்கும்ல. முதல் வருஷம் திருடன்னு நெனச்சேன். அப்புறம் இருமினான். அந்த இருமல் எனக்குத் தெரியாதா?"

"எத்தனை வருஷமா தெரியும்?"

"ரொம்ப வருஷமா. அந்த ரெண்டு வாரமும் பாலும் ரொட்டியும் வாங்கிட்டு வந்து கதவுகிட்ட வச்சுட்டு இறங்கிடுவேன். ராத்திரி எடுத்துக்குவான். யாரு வச்சதுன்னு அவனும் கேட்டதில்ல, நானும் சொன்னதில்ல. செப்டம்பர்ல கீழ வந்து, ஊர்ல பாலு எப்படித் தெரியுமா, நுரை தள்ளும்பான். ஆமா ஆமான்னு கேட்டுக்குவேன்."

ஊனா கட்டிலில் உட்கார்ந்தாள்.

"ஒரு தடவை கதவைத் தட்டியிருக்கலாமே" என்றாள். குரலில் கோபம்தான் இருந்தது. "ஒரே ஒரு தடவை. ரெண்டு வாரம் ஒரு ஆள் தனியா."

"தட்டியிருந்தா அவன் ஊர்லேருந்து திரும்பி வரவேண்டியதாயிருக்கும்" என்றார் ஓவ்னி. "பாவம், இருந்ததே ரெண்டு வாரம் லீவு."

ஊனா அழுதாள். ஆஸ்பத்திரியில் வராத அழுகை. ஓவ்னி வாசலை விட்டு நகரவும் இல்லை, உள்ளே வரவும் இல்லை. தொப்பியைக் கழற்றி இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிக்கொண்டிருந்தார்.

அழுது முடித்து முகத்தைத் துடைத்தபின் அவள் எழுந்து கெட்டிலில் தண்ணீர் பிடித்தாள். "டீ குடிச்சுட்டுப் போங்க" என்றாள். அலமாரியில் தேடினாள். ஒரே ஒரு கோப்பைதான் இருந்தது.

"என்னோடதை எடுத்துட்டு வரேன்" என்று ஓவ்னி படியிறங்கிப் போனார்.

கெட்டில் கொதிக்கும்வரை ஊனா கீழே நடக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றாள். ஏதோ ஓர் அறைக்குள் குழாய் திறந்தது, மூடியது. படிகளில் மெதுவாகக் காலடி ஏறி வந்தது. கதவு விரியத் திறந்துதான் கிடந்தது, அவர் கையில் கோப்பை இருப்பதுகூட அவளுக்குத் தெரிந்தது. ஓவ்னி நிலைப்படிக்கு வெளியே நின்று, விரலை மடக்கிக் கதவை இரண்டு முறை தட்டினார்.

"உள்ள வாங்க" என்றாள் ஊனா.